கரை வந்ததும் எழுப்புறேன்

என் அம்மா பொய் சொல்லத் தெரியாதவள் என்று ஊரில் பெயர். அந்தப் பெயரை அவளுக்கு வாங்கிக் கொடுத்தவர்களில் பாதிப் பேர், அவள் வாயால் பத்தொன்பது வாரம் ஒரே பொய்யைக் கேட்டவர்கள். அவர்களில் ஒருத்தி அவளுடைய சொந்தத் தங்கை, என் சித்தி. நான் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித் தருபவள். எதையும் முதலிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே விளங்கும். அப்படியே சொல்கிறேன்.

அம்மா சினிமாக் கொட்டகையில் பெண்கள் பக்கத்துக் கேட்டில் டிக்கெட் கிழித்தவள். கொட்டகையின் இடது பாதி பெண்களுக்கு; நடுவில் இடுப்பளவு சுவர். டிக்கெட்டைக் கிழித்துப் பாதியைத் திருப்பிக் கொடுப்பது, இருட்டில் டார்ச் அடித்து இடம் காட்டுவது, வீறிடும் குழந்தையைத் தாயோடு வராந்தாவுக்கு அனுப்புவது, சுவரைத் தாண்டி எட்டிப் பார்க்கிற ஆணின் முகத்தில் டார்ச்சை நேராக அடிப்பது. இவ்வளவுதான் வேலை. கடைசி வேலையை மட்டும் அவள் ரசித்துச் செய்ததாகக் கேள்வி. லாரிப் பட்டறையில் வேலை பார்த்த அப்பா ஒருமுறை நண்பர்களோடு படம் பார்க்கப் போய், சொந்தப் பெண்டாட்டியிடமே முகத்தில் வெளிச்சம் வாங்கிக்கொண்டு திரும்பியவர். "உங்கம்மா கையில டார்ச்சைக் கொடுத்தவனைத்தான் சொல்லணும்" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு நாலு வயது இருக்கும்போது அந்த இந்துஸ்தானிப் படம் வந்தது. அப்போதே அது பழைய படம், கறுப்பு வெள்ளை. வர வேண்டிய புதுப்படம் வந்து சேராததால், ஒரு வாரம் ஒப்பேற்றலாம் என்று மேனேஜர் எங்கிருந்தோ பிடித்துப் போட்டார். எங்கள் ஊரில் அந்த மொழி தெரிந்தவர்களை ஒரு கை விரலுக்குள் அடக்கிவிடலாம். பாட்டுப் புத்தகத்தில் தமிழில் ஒரு பக்கம் கதைச் சுருக்கம் அச்சடித்திருந்தார்கள். அதுவும் சரியான இடத்தில் 'மீதியை வெள்ளித் திரையில் காண்க' என்று கையை விரித்துவிட்டது. வெள்ளித் திரையில் கண்டவர்களுக்கோ தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

முதல் ஆட்டத்திலேயே பெண்கள் பக்கம் சலசலத்தது. "என்னம்மா சொல்றான் அவன்?" "அந்தக் கிழவன் அவளுக்கு அப்பனா, மாமனா?" கேள்வியெல்லாம் கேட்டில் நின்ற அம்மாவிடம்தான் வந்தது. வீட்டுக்கு வந்தவர்களைப் பட்டினியாக அனுப்புகிற மாதிரி அவளுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. கேன்டீன்காரர் இளவயதில் பன்னிரண்டு வருஷம் வடக்கே இருந்தவர். அம்மா அவரைக் கையோடு இழுத்து வந்து பக்கக் கதவோரம் நிறுத்தி, அடுத்த ஆட்டம் முழுவதையும் காட்சி காட்சியாகச் சொல்ல வைத்தாள். அவருடைய அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

மறுநாளிலிருந்து அம்மா பெண்கள் பக்கத்து முன் தூணில் சாய்ந்துகொண்டு, அடங்கிய குரலில் படத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். மொழி ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனால் எந்த முகம் எப்போது திரும்பும், எந்தக் கதவு எப்போது சாத்தும் என்று எல்லாம் மனப்பாடம். ஒரு பாட்டு ஆறு நிமிஷம் ஓடும். ஜன்னல், நிலா, மூன்று தோழிகள், ஒரு புறா. அம்மா ஒரே வரியில் முடித்துவிடுவாள்: "வரேன்னு சொல்லிட்டுப் போனவன் வரலையாம்." அடுத்த பாட்டு வரும். "இன்னும் வரலையாம்."

கதை பெரிய கதை இல்லை. ஆற்றின் இந்தக் கரையில் பெரிய வீட்டுப் பெண் ஒருத்தி. எதிர்க்கரையில் ஒரு மணிக்கூண்டு. அதற்கு எண்ணெய் போட்டுச் சாவி கொடுக்கிற இளைஞன் ஒருவன். சாயங்காலம் அவன் மணி அடிப்பான், இவள் ஜன்னலில் விளக்கு வைப்பாள். அவ்வளவுதான் அவர்கள் காதல். பெண்ணின் பெரியண்ணன், தங்கைக்குக் கல்யாணம் முடிந்துவிட்டதாகச் சொல்லி அவனை ஊரைவிட்டே அனுப்பிவிடுகிறான். அவளிடம் மூச்சுவிடுவதில்லை. ஏழு வருஷம் அவள் விளக்கு வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். காத்திருந்தே உடம்பு கெட்டுவிடுகிறது. உண்மை தெரிந்து ஓடிவந்தவன் அவளைப் படகில் படுக்கவைத்து, மணிக்கூண்டைப் பார்த்துத் துடுப்புப் போடுகிறான். ஆறு முழுக்கப் பனி. மணி ஒலிக்கிறது. அவள் கண்ணை மூடுகிறாள். அவன் துடுப்பை நிறுத்தாமல் ஒரே ஒரு வசனம் பேசுகிறான். படகு பனிக்குள் போய் மறைகிறது.

அவள் செத்துவிட்டாள். கேன்டீன்காரர் அதைத் தெளிவாகவே சொல்லியிருந்தார். முதல் மூன்று நாளும் அம்மாவும் அப்படியேதான் சொன்னாள். பெண்கள் தாராளமாக அழுதார்கள். ஒருத்தி அழுத அழுகையில் அடுத்தவளுடைய செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். திரும்பவும் வந்தாள், செருப்போடும் இன்னும் நாலு பேரோடும். இந்த மூன்று நாளில் பெண்கள் பக்கம் நிறைந்து, ஆண்கள் பக்கம் அம்மாவின் குரலுக்காகச் சுவரை ஒட்டி உட்கார ஆரம்பித்திருந்தது.

நான்காம் நாள் மதிய ஆட்டத்துக்குச் சித்தி வந்தாள். அங்கேதான் எல்லாம் கெட்டது.

சித்திக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அம்மாவையும் அவளையும் பெற்றவர்கள் போன பிறகு எங்களோடுதான் இருந்தாள். கொட்டகையில் விசிறி பழுது பார்க்க வருகிற வயர்மேன் ஒருவருக்கும் அவளுக்கும் மனசு ஒத்துப்போயிருந்தது. வீட்டில் எல்லாருக்கும் தெரியும், யாருக்கும் மறுப்பில்லை. அவர் வெளிநாட்டில் வேலை கிடைத்து, ஒரு வருஷத்தில் வந்துவிடுகிறேன் என்று போனார். மாதம் தவறாமல் கடிதம் வந்தது. பிறகு நின்றுபோனது. படம் வந்தபோது நின்று மூன்று மாதம் ஆகியிருந்தது. சித்தி வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. தபால்காரர் எங்கள் வாசலைத் தாண்டும்போது மட்டும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு நிற்பாளாம்.

மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். படகு ஆற்றில் இறங்கியது. அம்மா சொல்லிக்கொண்டே வந்தாள். மணி அடித்தது, கதாநாயகி கண்ணை மூடினாள், அவன் அந்த வசனத்தைப் பேசினான். இதன் பிறகு நடந்ததை அம்மா என்னிடம் சொன்னது முப்பத்து மூன்று வருஷம் கழித்துத்தான். வரிசைக்காக இங்கேயே வைக்கிறேன்.

"எல்லாரும் திரையைப் பார்க்கிறாங்க. அவ மட்டும் என்னைப் பார்க்கிறாடி. திரை வெளிச்சத்துல அவ முகம் நல்லா தெரியுது. 'அக்கா, என்ன ஆச்சு?'ன்னு உதடு மட்டும் அசையுது. நான் என்ன பண்ணுவேன்? 'தூங்குறா'ன்னு சொல்லிட்டேன். 'ஏழு வருஷமா கண்ணே மூடாதவ, இப்பத்தான் நிம்மதியா தூங்குறா. கரை வந்ததும் எழுப்புறேன்னு அவன் சொல்றான்'னு சொல்லிட்டேன்."

சொன்னது ஒரே ஒரு முறை என்றால் போயிருக்கும். சித்தி மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். எந்த ஆட்டத்தில் வந்து உட்காருவாள் என்று தெரியாததால், அம்மா எல்லா ஆட்டத்திலும் கதாநாயகியைத் தூங்கவைக்க வேண்டியதாயிற்று. முதல் மூன்று நாளில் பார்த்த பெண்கள் விடுவார்களா? கடைத்தெருவில் இரண்டு கட்சி உண்டாகிவிட்டது, செத்துட்டா கட்சி, தூங்குறா கட்சி. செத்துட்டா கட்சி கும்பலாக வந்து கேட்டில் நின்று கேட்டது, "அன்னைக்குச் செத்துட்டான்னு சொன்னியே?" அம்மா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, "அன்னைக்கு எனக்குச் சரியா புரியல" என்றாள். அவர்கள் இன்னொரு தடவை பார்த்தார்கள். பார்த்துவிட்டு, "ஆமா, மூச்சு விடுறா, நெஞ்சு ஏறி இறங்குது" என்று சாட்சி வேறு சொன்னார்கள். செத்துப்போனவளாக நடிக்கும் நடிகையும் மூச்சுவிட்டுத்தானே ஆக வேண்டும்!

ஒரு வாரப் படம் பத்தொன்பது வாரம் ஓடியது. கேன்டீன்காரர் மட்டும் அம்மாவைப் பார்க்கும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. நல்ல மனுஷர்.

படம் போய்விட்டது. பொய் போகவில்லை. அந்த வருஷமே சித்தியைக் கேட்டு இரண்டு நல்ல இடம் வந்தது. சித்தி ஒற்றைக் காலில் நின்றாள். "ஏழு வருஷம் ஒருத்தி காத்திருக்கலையா? நான் ரெண்டு வருஷம் இருக்கக் கூடாதா?" என்று கேட்டாள். அப்பா, "அது சினிமாம்மா" என்றார். "சினிமாவா இருந்தா என்ன மாமா? வந்தானா இல்லையா?" என்றாள் சித்தி. அம்மா அன்றைக்கே, அவள் செத்துட்டாடி, நீ எழுந்து உன் வாழ்க்கையைப் பார் என்று சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். தள்ளத் தள்ள அது கனமாகிக்கொண்டே போனது.

வயர்மேன் வரவில்லை. சித்தி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்காக அவள் மூலையில் உட்காரவும் இல்லை. அடுத்த வருஷம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அதற்கடுத்த வருஷம் அதே டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கவும் சேர்ந்துவிட்டாள். இன்றைக்கு இந்த ஊரில் ஸ்டியரிங் பிடிக்கிற பெண்களில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கித் தேறியவர்கள். டாக்டர், வக்கீல், எங்கள் பள்ளித் தலைமையாசிரியை எல்லாரையும், "கண்ணு எங்க இருக்கு? கண்ணாடி எதுக்கு வச்சிருக்கு, பொட்டு சரி பண்ணவா?" என்று கேட்டவள். பக்கத்துத் தெருவில் தனி வீடு, சொந்த ஸ்கூல், நாலு கார். சத்தமாகச் சிரிப்பாள். மத்தியானம் தூங்கமாட்டாள்.

இதையெல்லாம் அம்மா கண்ணால் பார்த்தாளே தவிர, மனசில் வாங்கவில்லை. அவள் கண்ணுக்குச் சித்தி எப்போதும் மூன்றாவது பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். என்னைத் திட்டுவதற்கு அம்மாவுக்குக் காரணமே வேண்டாம். சித்தியைத் திட்ட நூறு காரணம் இருந்தாலும் வாய் திறக்கமாட்டாள். எங்கள் வீட்டில் சித்தி வைத்ததுதான் சட்டம். யாராவது ஒரு விசேஷ வீட்டில் சித்தியிடம், "நீங்க ஏன் கல்யாணமே பண்ணிக்கல?" என்று ஆரம்பித்தால், அம்மா எங்கிருந்தாலும் ஓடிவந்து பேச்சை மாற்றுவாள். தாலி கட்டும் நேரத்தில் மணப்பெண்ணைப் பார்க்காமல் சித்தி முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் அதைத் தங்கைப் பாசம் என்று நினைத்திருந்தேன். கொஞ்சம் பொறாமையும் பட்டிருக்கிறேன், அதை மறைப்பானேன்.

போன மாதம் சித்தி ஒரு செய்தியோடு வந்தாள். அவளிடம் வண்டி பழகுகிற பெண் ஒருத்தி ஒரு திரைப்படச் சங்கத்தில் இருக்கிறாளாம். அந்தப் பழைய படத்தைச் சுத்தம் பண்ணிப் புதுசாக்கியிருக்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குத் திரையிடுகிறார்கள்.

"மூணு பேருக்கும் இடம் சொல்லிட்டேன்" என்றாள் சித்தி. "இந்தத் தடவை நீ தொண்டை வறளக் கத்த வேணாம்கா. வசனம் முழுக்கத் தமிழ்ல எழுத்துப் போடுறாங்களாம்."

அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. வியாழக்கிழமை அவளுக்கு முழங்கால் வலி வந்தது. வெள்ளிக்கிழமை தலைச்சுற்றல். சனிக்கிழமை, யாரோ தூரத்து உறவினர் வரப்போவதாகச் சொன்னாள். யார் என்று கேட்டதற்கு அவளுக்கே பெயர் வரவில்லை. உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தோம். ஒரே துண்டை நாலாவது முறையாகப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தவள், திடீரென்று என்னைப் பார்த்து, "கார் டயர்ல காத்து இறக்கிவிடுறது கஷ்டமா?" என்று கேட்டாள்.

"யாரு காரு?"

"உங்க சித்தி காரு."

அப்புறம்தான் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்தபோது துண்டு அவள் முகத்தில் இருந்தது. "அவ நாளைக்கு அந்த எழுத்தைப் படிப்பா. படிச்ச உடனே கணக்குப் போட்டுடுவா. நான் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி, ஒரு வீடு, ஒரு புருஷன், ஒரு குழந்தை, எல்லாத்தையும் விட்டுட்டா. இனிமே என் முகத்துல முழிப்பாளா? அவளை விட்டா எனக்குக் கூடப் பிறந்தவங்கன்னு யாரு இருக்கா?"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "முப்பத்து மூணு வருஷம்மா! ஒரு நாள், ஒரே ஒரு நாள் வாயைத் திறந்திருக்கலாமே" என்றேன். பிறகு அவள் தோளைப் பார்த்தேன். அது குலுங்கிக்கொண்டிருந்தது. என் அம்மா அழுது நான் பார்த்தது அதற்கு முன் அப்பா போனபோதுதான். "டயரையெல்லாம் தொட முடியாது. படத்துக்கு முன்னாடி நீயே சொல்லிடு" என்றேன். தலையை ஆட்டினாள். தலையாட்டியதை வைத்து எதையும் நம்ப முடியாது என்பது என் வகுப்பறை அனுபவம்.

சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சித்தியின் காரில் போனோம். அரங்கில் முப்பது பேர் இருந்தால் அதிகம். மெத்தென்ற இருக்கைகள், ஏசிக் குளிர். அம்மா நடுவில், சித்தி அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

படம் ஓட ஓட எனக்கு ஒன்று புரிந்தது. அம்மா அந்தக் காலத்தில் நிறையவே சரியாகச் சொல்லியிருந்தாள். பாட்டுகளைத்தான் கொலை பண்ணியிருந்தாள். 'இன்னும் வரலையாம்' பாட்டில் திரையின் அடியில் வரி வரியாக எழுத்து வந்துகொண்டே இருந்தது. விளக்கின் திரியைப் பற்றி, மூன்று தோழிகளும் ஒவ்வொருத்தியாகக் கல்யாணமாகிப் போனதைப் பற்றி. சித்தி சிரிப்பை அடக்க முடியாமல், "ஏக்கா, இவ்வளவு இருக்கு, நீ ஒண்ணுமே சொல்லலையே!" என்று அம்மாவின் கையில் தட்டினாள். அம்மா சிரிக்கவில்லை. அவளுடைய இன்னொரு கை என் முழங்கையைப் பிடித்திருந்தது. விரல் பதிந்த இடம் மறுநாளும் வலித்தது.

படகு ஆற்றில் இறங்கியது. பனி. புதுசாக்கிய படத்தில் அந்தப் பனி அவ்வளவு வெள்ளையாக இருந்தது. அம்மாவுக்கு அந்தக் காட்சி நொடி நொடியாகத் தெரியும்; வாரம் பத்தொன்பது, நாளைக்கு மூன்று ஆட்டம், நானே பெருக்கிப் பார்த்திருக்கிறேன். மணி எப்போது ஒலிக்கும், அவன் எப்போது வாய் திறப்பான், எழுத்து எந்த நொடியில் வரும் என்று அவள் உடம்பே எண்ணிக்கொண்டிருந்தது. மணி ஒலித்தது. கதாநாயகி கண்ணை மூடினாள். அவன் தலையை நிமிர்த்துவதற்கு முன்னால், அம்மா சித்தியின் பக்கம் சாய்ந்தாள்.

"அவ தூங்கலடி" என்றாள். அடங்கிய குரல்தான், ஆனால் அரங்கு முழுக்கக் கேட்டிருக்கும். "செத்துட்டா. அன்னைக்கும் செத்துத்தான் போனா. நான்தான் உன்கிட்ட மாத்திச் சொல்லிட்டேன்."

அவள் சொல்லி முடிக்கவும் எழுத்து வரவும் சரியாக இருந்தது. 'நீ போய்விட்டாய். இனிக் காத்திருப்பது என் முறை.'

சித்தி திரும்பவில்லை. படகு மறைந்து, பெயர்கள் ஓடி, விளக்கு போடும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். வெளிச்சத்தில் பார்த்தால் முகம் நனைந்திருந்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். எங்களுக்காக நிற்கவில்லை.

காரில் நான் பின்னால் ஏறினேன், அம்மா முன்னால். அது டிரைவிங் ஸ்கூல் வண்டி. பக்கத்து இருக்கையில் சொல்லிக்கொடுப்பவருக்குத் தனியாக ஒரு பிரேக் உண்டு. அதன்மேல் கால் படக் கூடாது என்பது அம்மாவுக்கு எழுதப்படாத சட்டம். காலை ஓரமாக ஒடுக்கி உட்கார்ந்துகொண்டாள். இரண்டு தெரு தாண்டினோம்.

"பாவம்" என்றாள் சித்தி கடைசியில். "இத்தனை வருஷம் அவ பொழச்சிருப்பான்னுதான் நினைச்சுட்டு இருந்தேன். எங்கேயாவது அந்த மணிக்கூண்டுக்குக் கீழே குடும்பம் நடத்திட்டிருப்பாங்கன்னு."

"என்னைத் திட்டுடி" என்றாள் அம்மா. "என்ன வேணாலும் சொல்லு. உன் வாழ்க்கையை நான் கெடுத்துட்டேன். என் பேச்சைக் கேட்டுத்தானே நீ அவனுக்காகவே உட்கார்ந்துட்டே."

"என்ன உளர்றே?"

"வராதவனுக்காக உன்னைக் காக்க வச்சுட்டேனே."

சித்தி கியரை மாற்றினாள். சாலையைப் பார்த்துக்கொண்டே, வெகு சாதாரணமாகச் சொன்னாள். "அவன் வந்தான்கா."

கார் நடுரோட்டில் குத்திக்கொண்டு நின்றது. நான் முன் இருக்கையில் போய் மோதினேன். அம்மாவின் வலது கால் பிரேக்கை அடிவரை மிதித்திருந்தது. பின்னால் நாலைந்து வண்டிகள் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன.

"எப்போ?" என்றாள் அம்மா.

"மூணாவது வருஷம். நான் ஸ்கூல்ல சேர்ந்த புதுசு. நேரா அங்கேயே வந்துட்டான். வேலை போச்சாம், சொல்ல வெட்கப்பட்டு லெட்டர் போடலையாம். மறுபடி வேற வேலை கிடைச்சுதாம். மன்னிச்சுக்கோ, அடுத்த வாரமே கிளம்பலாம் வான்னான். நல்லாத்தான் பேசினான், குறை சொல்ல முடியாது. நானும் கேட்டுட்டுத்தான் நின்னேன். ஆனா மனசு என்ன சொல்லுது தெரியுமா? நாலு மணி வகுப்புக்கு நேரமாச்சே, அந்தப் பொண்ணு வெயில்ல நிக்குமேன்னு. அதையே நினைச்சுட்டு நிக்கிறேன்கா. அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது. இல்லப்பா, நீ போயிட்டு வான்னு அனுப்பிட்டேன்."

"என்கிட்ட ஏன்டி சொல்லல?" அம்மாவின் குரல் கிறீச்சிட்டது. "முப்பது வருஷமா நான் இங்க செத்துச் செத்துப் பிழைக்கிறேன்!"

"எப்படிச் சொல்ல? நீதான் தினம் மூணு ஆட்டம் அவங்க ரெண்டு பேரையும் கரை சேர்த்துட்டிருந்தவ. வந்தவனை நானே திருப்பி அனுப்பிட்டேன்னு சொன்னா நீ தாங்குவியா? அழுதே தீர்த்திருப்பே." சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒவ்வொரு கல்யாணத்துலயும் என்னைப் பாவமா பார்ப்பே. எனக்கு எரிச்சலா வரும். சரி, அக்கா பார்த்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

பின்னால் ஒருவர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார். உள்ளே பார்த்தவர், ஓட்டும் இடத்தில் உட்கார்ந்திருப்பது யார் என்று தெரிந்ததும் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டார். அவர் மனைவி சித்தியிடம் வண்டி பழகியவளாக இருக்கலாம்.

அம்மா அழுதுகொண்டிருந்தாள். சித்தி அவள் கையை எடுத்து ஸ்டியரிங்கின் மேல் தன் கையோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

"இங்க பாருக்கா. நான் காத்திருந்தது ரெண்டே வருஷம். மிச்சமெல்லாம் நான் வாழ்ந்துட்டு இருந்தேன். பக்கத்துத் தெருவுலதானே இருந்தேன், உனக்குத் தெரியலையா?"

அம்மா சித்தியைப் பார்த்தாள். தலைச்சாயம் பூசாத முடியை, வெயிலில் கறுத்த கைகளை, கழுத்தில் தொங்கிய ஸ்கூல் அடையாள அட்டையை, எல்லாவற்றையும் பார்த்தாள். அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு அவள் தங்கையைப் பார்த்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"பிரேக்ல இருந்து காலை எடுக்கா" என்றாள் சித்தி.

அம்மா எடுக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.